ஃபோர்ஸா இத்தாலியா: வாசல் திறந்துவிட்ட கட்சி

2024 ஜூன் 8, 9 தேதிகளில் இத்தாலியில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. அங்கே வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னங்கள் வட்ட வட்டமாக வண்ணத்தில் அச்சாகியிருக்கும். சாவடியில் கொடுக்கும் பென்சிலால் பிடித்த வட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். அந்த வட்டங்களில் ஒன்றில் பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடியின் மேல் ‘ஃபோர்ஸா இத்தாலியா’ என்று இருந்தது. கூடவே ‘பெர்லுஸ்கோனி’ என்றும் இருந்தது. சில்வியோ பெர்லுஸ்கோனி அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 12 அன்றே காலமாகிவிட்டார். இறந்து ஓராண்டு ஆன மனிதரின் பெயரை முன்னால் வைத்து வாக்குக் கேட்ட அந்தக் கட்சிக்கு 9.6 சதவீதம் கிடைத்தது. கூட்டணித் தோழனான லேகாவை விட அது சற்றுக் கூடுதல்.

தலைவரோடு கட்சியும் முடிந்துவிடும் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். முடியவில்லை. இந்தக் கட்சியைப் பற்றி எழுதும்போது பெரும் பணக்காரர், தொலைக்காட்சி, வழக்குகள், விருந்துகள் என்று பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அவையெல்லாம் நடந்தவைதான், நானும் தொட்டுத்தான் போகிறேன். ஆனால் ஃபோர்ஸா இத்தாலியா செய்த மிகப் பெரிய காரியம் வேறு என்பது என் எண்ணம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்த வலதுசாரிகளை அது ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. இன்று பிரதமர் ஜோர்ஜா மெலோனி அமர்ந்திருக்கும் நாற்காலிக்கான பாதை 1994-ல் போடப்பட்டது. அதைப் போட்டவர்கள் இன்று அதே அரசில் இளைய கூட்டாளிகளாக இருக்கிறார்கள்.

கதை மிலான் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் தொடங்குகிறது. பியோ அல்பெர்கோ திரிவுல்சியோ என்று அதற்குப் பெயர். அதன் தலைவர் மாரியோ கியேசா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். இல்லத்தில் துப்புரவு வேலை எடுத்திருந்த நிறுவனத்திடம் கமிஷன் கேட்டிருக்கிறார். 1992 பிப்ரவரி 17 அன்று 70 லட்சம் லிராவைக் கையில் வாங்கியதும் காவலர்கள் உள்ளே நுழைந்து பிடித்தார்கள். அன்றைய மதிப்பில் அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. சோஷலிஸ்ட் தலைவர் பெத்தினோ க்ராக்ஸி, ‘அவன் ஒரு தனிப்பட்ட அயோக்கியன்’ என்கிற தோரணையில் கைகழுவப் பார்த்தார். கியேசா வாயைத் திறந்தார். அரசு வழக்குரைஞர் அந்தோனியோ தி பியேத்ரோவும் அவரது சகாக்களும் நூலைப் பிடித்து இழுக்க இழுக்க, எல்லா ஆளும் கட்சிகளும் ஒப்பந்தத்துக்கு இவ்வளவு என்று பங்கு வைத்து வாங்கிவந்தது வெளியே வந்தது. ‘தூய கரங்கள்’ என்று பெயர் பெற்ற விசாரணை அது. 1993 ஏப்ரல் 30 அன்று ரோமில் தான் தங்கியிருந்த ஹோட்டலை விட்டு வெளியே வந்த க்ராக்ஸியின் மேல் மக்கள் சில்லறைக் காசுகளை வீசினார்கள். பிறகு அவர் துனிசியாவுக்குப் போய்விட்டார். 2000-ல் அங்கேயே இறந்தார்.

அதைவிடப் பெரிய சரிவு கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியுடையது. 1945 முடிவிலிருந்து அந்தக் கட்சி இல்லாமல் இத்தாலியில் ஓர் அரசும் அமைந்ததில்லை. மேற்கு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய கம்யூனிஸ்ட் கட்சி இத்தாலியில்தான் இருந்தது. அது ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே கோடிக்கணக்கானவர்கள் கிறிஸ்தவ ஜனநாயகத்துக்கு வாக்களித்துவந்தார்கள். ‘மூக்கைப் பிடித்துக்கொண்டாவது அவர்களுக்கே போடுங்கள்’ என்று 1976-ல் பத்திரிகையாளர் இந்த்ரோ மொந்தானெல்லி சொன்னது அந்நாட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. 1992 தேர்தலில் கிறிஸ்தவ ஜனநாயகம் ஏறத்தாழ 30 சதவீதம் பெற்றது, சோஷலிஸ்டுகள் 13-க்கு மேல். 1994 ஜனவரியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி தன்னைக் கலைத்துக்கொண்டது. அந்த வாக்குகள் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான் ஃபோர்ஸா இத்தாலியா.

இங்கே தேர்தல் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அது இல்லாமல் மற்றது புரியாது. அதுவரை இத்தாலியில் முழு விகிதாசார முறை. ஒவ்வொரு கட்சியும் தனித்தனியே நிற்கும், கிடைத்த சதவீதத்துக்கு இடம் பெறும், அப்புறம் ரோமில் உட்கார்ந்து பேரம் பேசி அரசு அமைக்கும். 1993-ல் பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை உடைத்தார்கள். புதிய சட்டத்தின்படி கீழவையின் 630 இடங்களில் 475 இடங்கள் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் முறைக்கு மாறின. அதிக வாக்கு வாங்கியவர் வென்றார், நம் ஊர்த் தேர்தல் போலவே. அந்தச் சட்டத்தை வரைந்த செர்ஜியோ மத்தரெல்லா 2015-ல் குடியரசுத் தலைவரானார். இந்த முறையில் வாக்கு சிதறினால் தோல்விதான். அதற்கான சான்று 1993 இறுதியிலேயே வந்துவிட்டது. ரோம், நேப்பிள்ஸ், வெனிஸ், ஜெனோவா மேயர் தேர்தல்களில் இடதுசாரிகள் வரிசையாக வென்றார்கள். மிதவாத வலதுசாரிகள் பல இடங்களில் இரண்டாம் சுற்றுக்கே வரவில்லை.

வலதுபக்கம் மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர். வடக்கே உம்பெர்த்தோ போஸ்ஸியின் வடக்கு லேகா. ரோமில் இருக்கும் அரசு வடக்கின் உழைப்பைத் திருடித் தெற்குக்குக் கொடுக்கிறது என்பது அவர்கள் கோஷம். தெற்கிலும் ரோமிலும் ஜான்ஃபிராங்கோ ஃபீனியின் இத்தாலிய சமூக இயக்கம். முசோலினி ஆட்சியின் எச்சங்களாக 1946-ல் தொடங்கிய கட்சி அது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் யாரும் அவர்களை அமைச்சரவைக்குள் விடவில்லை. 1960-ல் ஒரு பிரதமர் அவர்கள் வாக்கில் ஆட்சி நடத்தப் பார்த்து, தெருப் போராட்டங்களால் சில மாதங்களில் பதவி விலக நேர்ந்தது. போஸ்ஸிக்கு ஃபீனி என்றாலே ஆகாது. நாட்டைத் துண்டாடப் பார்ப்பவன் என்பது ஃபீனி தரப்பில் போஸ்ஸிக்குக் கொடுத்த பெயர்.

பெர்லுஸ்கோனியின் பெயர் அடிபடத் தொடங்கியது இந்த நேரத்தில்தான். 1993 நவம்பர் 23 அன்று பொலோன்யா பக்கத்தில் ஒரு பெரிய அங்காடித் திறப்பு விழா. ரோம் மேயர் தேர்தலில் உங்களுக்கு வாக்கிருந்தால் யாருக்குப் போடுவீர்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். ஃபீனிக்கு என்றார். சாதாரணமாகச் சொன்ன பதில் போலத்தான் தெரியும். ஆனால் தீண்டக்கூடாது என்று ஒரு தலைமுறை முழுக்க ஒதுக்கிவைத்த கட்சியின் கதவை, நாட்டின் பெரிய தொழிலதிபர் ஒருவர் எல்லோர் முன்னாலும் தட்டிய நாள் அது. ஃபீனி அந்தத் தேர்தலில் தோற்றார், ஆனால் இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 47 சதவீதம் வாங்கினார்.

யார் இந்த மனிதர்? 1936-ல் மிலானில் பிறந்தவர். இளம் வயதில் பயணக் கப்பல்களில் பாடியவர். மிலானுக்கு வெளியே ‘மிலானோ 2’ என்று ஒரு முழுக் குடியிருப்பையே கட்டி விற்றவர். அங்கே கேபிள் சேனலாகத் தொடங்கியது மூன்று நாடு தழுவிய சேனல்களாக வளர்ந்தது. 1984-ல் சில நீதிபதிகள் அந்த ஒளிபரப்பை நிறுத்தியபோது, அவசரச் சட்டம் போட்டு மீட்டுக்கொடுத்தவர் பிரதமர் க்ராக்ஸி. ஏசி மிலான் கால்பந்து அணியை 1986-ல் வாங்கினார். ஆக, பழைய அரசியல் சரிந்தபோது தன் பாதுகாவலரையும் இழந்தவர் அவர். இடதுசாரிகள் வந்தால் தன் சேனல்களுக்கு ஆபத்து என்ற பயம் அவருக்கு இருந்தது. அவர் அரசியலுக்கு வந்ததற்குச் சொந்த நலன் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1994 ஜனவரி 26. ஒன்பது நிமிடம் ஓடும் ஒரு வீடியோ கேசட் சேனல்களுக்குப் போனது. மேசை, பின்னால் புத்தக அலமாரி, அதில் குடும்பப் படங்கள். வீட்டில் உட்கார்ந்து அண்டை வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேசினார். ‘நான் நேசிக்கும் நாடு இத்தாலி’ என்பது முதல் வரி. தான் அரசியலுக்கு வருவதை ‘களத்தில் இறங்குகிறேன்’ என்று கால்பந்து மொழியில் சொன்னார். கட்சியின் பெயரே விளையாட்டு அரங்கிலிருந்து எடுத்தது. தேசிய அணி ஆடும்போது ‘விடாதே இத்தாலி’ என்கிற பொருளில் எழும் கூச்சல் அது. அணியின் சட்டை நீலம் என்பதால் கட்சிக்காரர்களுக்கும் ‘நீலர்கள்’ என்றே பெயர் வந்தது.

கட்சியைக் கட்டிய விதம் ஐரோப்பா அதுவரை பார்க்காதது. சேனல்களுக்கு விளம்பரம் பிடிக்கும் பப்ளித்தாலியா என்ற அவரது நிறுவனத்துக்கு மாவட்டந்தோறும் விற்பனையாளர்கள் இருந்தார்கள். உள்ளூர் வியாபாரி யார், மருத்துவர் யார், யாருக்கு ஊரில் மரியாதை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதன் தலைவர் மார்செல்லோ தெல்லூத்ரி அந்த வலையையே கட்சி அமைப்பாக மாற்றினார். ரசிகர் மன்றங்கள் மாதிரி ஆயிரக்கணக்கில் கிளப்புகள் முளைத்தன. வேட்பாளர்களுக்குக் கேமரா முன் எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். இதெல்லாம் பிடிக்காமல் விலகியவர்களும் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாக்களிக்கச் சொன்ன மொந்தானெல்லி, தான் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்திய ‘இல் ஜோர்னாலே’ நாளிதழை அந்த ஜனவரியிலேயே விட்டுப் போனார். பத்திரிகை பெர்லுஸ்கோனி குடும்பத்தின் கையில் இருந்தது. அதைப் பிரசாரக் கருவியாக்க அவர் ஒப்பவில்லை.

கேசட் வெளியாகி இரண்டே மாதத்தில் தேர்தல். போஸ்ஸியும் ஃபீனியும் ஒரே மேடையில் ஏற மாட்டார்கள் என்பதால் பெர்லுஸ்கோனி இரண்டு கூட்டணி அமைத்தார். வடக்கே லேகாவோடு ஒன்று, தெற்கே ஃபீனியோடு இன்னொன்று. வடக்கில் ஃபீனியின் ஆட்கள் எதிர்த்தே நின்றார்கள். இரண்டுக்கும் நடுவில் கீல் மாதிரி ஃபோர்ஸா இத்தாலியா. மார்ச் 27, 28 தேதிகளில் வாக்குப்பதிவு. பிறந்து இரண்டு மாதமே ஆன கட்சி 21 சதவீதத்தோடு நாட்டின் முதல் கட்சியானது. மே மாதம் அமைந்த அமைச்சரவையில் ஃபீனியின் அணிக்கு ஐந்து இடங்கள். ஐரோப்பியத் தலைநகரங்களில் பெரும் சலசலப்பு எழுந்தது, அது நியாயமானதும்கூட.

போஸ்ஸி டிசம்பரிலேயே கூட்டணியை விட்டுப் போனதால் அந்த அரசு ஏழு மாதத்தில் கவிழ்ந்தது. 1996-ல் ரோமானோ ப்ரோதியின் இடதுசார்பு அணி வென்றது. அந்த இடைவெளியில் ஃபோர்ஸா இத்தாலியா ஐரோப்பாவின் மிதவாத வலதுசாரிகளின் குடும்பமான ஐரோப்பிய மக்கள் கட்சியில் சேர்ந்தது. ஜெர்மனியின் கிறிஸ்தவ ஜனநாயகர்கள் உட்கார்ந்திருக்கும் அதே வரிசை. இந்தச் சேர்க்கை அன்று சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கலாம், இன்று அந்தக் கட்சியின் உயிர்நாடி அதுதான்.

2001 மே 8 அன்று தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, ‘இத்தாலியர்களுடன் ஒப்பந்தம்’ என்று ஐந்து வாக்குறுதிகளில் பெர்லுஸ்கோனி கையெழுத்திட்டார். வரிக் குறைப்பு, குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 10 லட்சம் லிரா, 15 லட்சம் வேலைகள் என்று அந்தப் பட்டியல் போயிற்று. நிறைவேற்றாவிட்டால் மறுபடி நிற்க மாட்டேன் என்றார். கட்சி 29.4 சதவீதம் வாங்கியது. சிசிலியில் 61 தனித் தொகுதிகளிலும் அவர் கூட்டணியே வென்றது, ஒன்றுகூட விடவில்லை. அந்த அமைச்சரவை 1412 நாள் நீடித்தது. போருக்குப் பிந்தைய இத்தாலியில் அரசு சராசரியாக ஓராண்டு தாண்டுவதே பெரிது என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று தெரியும். அந்த வாய்ப்பைக் கட்சி வீணடித்தது என்பதே என் தீர்ப்பு. பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை போன்ற நல்ல காரியங்கள் நடந்தன. பரம்பரைச் சொத்து வரி நீங்கியது. ஆனால் 1994-ல் வாக்களித்த சிறு தொழில்காரரும் கடைக்காரரும் எதிர்பார்த்த எளிய அரசு, எளிய வரி வரவில்லை. நாடாளுமன்றத்தின் நேரம் தலைவரின் வழக்குகளைச் சுற்றியே போனது. உயர் பதவியில் இருப்போர் மீதான வழக்குகளை நிறுத்திவைக்க, 2008-ல் அவர் மறுபடி பிரதமரானபோது வந்த சட்டத்தை அடுத்த ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது.

இன்னொரு நோய் வாரிசு இல்லாமை. இத்தாலியில் அடுத்த தலைவராகக் கருதப்படுபவரை ‘தெல்ஃபீனோ’ என்பார்கள். பிரெஞ்சு அரச வம்சத்தின் பட்டத்து இளவரசன் பெயரிலிருந்து வந்த சொல். ஃபீனி, காஸீனி, அல்ஃபானோ, ஃபித்தோ, தோத்தி என்று ஒவ்வொருவராக அந்தப் பட்டத்தைச் சுமந்தார்கள், ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2009-ல் ஃபோர்ஸா இத்தாலியாவும் ஃபீனியின் கட்சியும் இணைந்து ‘சுதந்திர மக்கள்’ என்று ஒரே கட்சியாயின. அடுத்த ஆண்டே கட்சிக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஃபீனி இருக்கையிலிருந்து எழுந்து மேடையை நோக்கி விரலை நீட்டி, ‘என்ன செய்யப்போகிறீர்கள், என்னைத் துரத்துவீர்களா?’ என்று கேட்டார். அந்தக் காட்சியை இன்றும் அங்கே மறக்கவில்லை.

2011 நவம்பரில் கடன் நெருக்கடி கழுத்தை நெரித்தது. இத்தாலியப் பத்திரங்களுக்கும் ஜெர்மன் பத்திரங்களுக்கும் உள்ள வட்டி வித்தியாசம் ஐந்தரைச் சதவீதத்தைத் தாண்டியதும் பெர்லுஸ்கோனி பதவி விலகினார். 2013-ல் வரி மோசடி வழக்கில் தண்டனை உறுதியாகி, நவம்பர் 27 அன்று செனட் அவரை வெளியேற்றியது. பதினொரு நாள் முன்புதான் பழைய பெயரிலேயே ஃபோர்ஸா இத்தாலியாவை மறுபடி தொடங்கியிருந்தார். தண்டனையின் மீதிக்காக வாரம் ஒரு நாள், நான்கு மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது. மிலானை ஒட்டிய செசானோ பொஸ்கோனேயில், நினைவு மங்கிய முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்துக்கு அவர் போனார். மிலானின் ஒரு முதியோர் இல்லத்தில் தொடங்கிய சரிவிலிருந்து எழுந்த அரசியல் வாழ்க்கை, இருபத்திரண்டு ஆண்டு கழித்து இன்னொரு முதியோர் இல்லத்து வாசலில் வந்து நின்றது.

2018 தேர்தலில் கட்சிக்கு 14 சதவீதம், மத்தேயோ சால்வினியின் லேகாவுக்கு 17.4. கால் நூற்றாண்டில் முதல்முறையாகக் கூட்டணியின் தலைமை கைமாறியது. 2022-ல் மெலோனியின் ‘இத்தாலியின் சகோதரர்கள்’ 26 சதவீதம், ஃபோர்ஸா இத்தாலியா 8.1. பதினைந்து வயதில் ஃபீனியின் கட்சியின் இளைஞர் அணியில் சேர்ந்தவர் மெலோனி. 2008-ல் 31 வயதில் அவரை அமைச்சராக்கியவர் பெர்லுஸ்கோனியே. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் இங்கே விரட்டவில்லை, விரட்டவும் முடியாது. 400 பேராகக் குறைக்கப்பட்ட கீழவையில் கூட்டணி பெற்ற 237 இடங்களில் 45 ஃபோர்ஸா இத்தாலியாவுடையவை. அவற்றை எடுத்துவிட்டால் பெரும்பான்மை போய்விடும்.

இப்போதைய தலைவர் அந்தோனியோ தாயானி. 1994-லிருந்தே உடன் இருந்தவர், பத்திரிகையாளராக இருந்து பெர்லுஸ்கோனியின் செய்தித் தொடர்பாளரானவர், பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவராக இருந்தவர். இப்போது துணைப் பிரதமர், வெளியுறவு அமைச்சர். கூட்டத்தைக் கிறங்கடிக்கும் பேச்சு அவரிடம் இல்லை. ஆனால் பிரஸ்ஸல்ஸில் எந்த அறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 2024 ஜூலையில் உர்சுலா ஃபொன் டெர் லேயெனை ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக மீண்டும் தேர்ந்தெடுத்த வாக்கெடுப்பில், ரோமில் ஒரே அரசில் இருக்கும் மூன்று கட்சிகளில் ஃபோர்ஸா இத்தாலியா மட்டும் ஆதரித்தது, மற்ற இரண்டும் எதிர்த்தன. ஐரோப்பாவின் பெரிய கட்சிகளோடு பேச மெலோனிக்கு இவர்கள் தேவைப்படுகிறார்கள்.

உள்நாட்டில் அவர்கள் வேலை, கூட்டாளிகள் வேகமாக ஓடும்போது பிரேக் பிடிப்பது. 2023 ஆகஸ்டில் வங்கிகளின் அதிக லாபத்துக்கு 40 சதவீத வரி என்று அரசு திடீரென்று அறிவித்தது. தாயானி எதிர்த்தார். கடைசியில் வரி கட்டாமல் அதைப் போல் இரண்டரை மடங்கு தொகையைக் கையிருப்பில் ஒதுக்கினால் போதும் என்று சட்டம் மாறியது. வங்கிகள் அந்த வழியையே எடுத்துக்கொண்டன. பெர்லுஸ்கோனி குடும்பத்துக்கு மெதியோலானும் வங்கியில் பெரும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். கட்சியே அந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 9 கோடி யூரோ கடன்பட்டிருக்கிறது. கட்சியின் வங்கிக் கடனுக்கு அப்பா ஜாமீன் நின்றார், அந்தப் பொறுப்பு பிள்ளைகளிடம் வந்தது. மூத்த மகள் மரீனா ஒரு பேட்டி கொடுத்தால் கட்சி அலுவலகத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவதற்கு இது ஒரு காரணம். கருக்கலைப்பு, தன்பால் ஈர்ப்பாளர் உரிமை போன்றவற்றில் தான் நியாயமான இடதுசாரிகளுக்கு நெருக்கமாக உணர்வதாக அவர் 2024-ல் சொன்னார்.

அந்தக் கோடையில்தான் தாயானி குடியுரிமைப் பேச்சை எடுத்தார். வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறக்கும் குழந்தை, 1992-ன் சட்டப்படி, பதினெட்டு வயதுவரை அந்நியராகவே இருக்கும். பத்து ஆண்டுகள் இத்தாலியப் பள்ளியில் படித்து முடித்தால் குடியுரிமை கொடுக்கலாம் என்றார் தாயானி. பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் ஒரு சமூகமாகவே வாழ்கிறார்கள். ஊரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் மலைக்குகைக்கு இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக ஏறிப் போய்க் கும்பிடுகிறார்கள். அங்கே பிறந்து, சிசிலிய உச்சரிப்பில் பேசி, வகுப்பில் மற்றவர்களோடு ஒன்றாக உட்காரும் அவர்கள் பிள்ளைகளுக்கு இது நேரடியாகத் தொடும் விஷயம். அவர்களைப் போன்ற பல லட்சம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

லேகா உடனே முடியாது என்றது. மெலோனியின் கட்சிக்கும் விருப்பமில்லை. செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் இதே பள்ளிப்படிப்பு அடிப்படையிலான குடியுரிமையை ஒரு சட்டத் திருத்தமாகக் கீழவையில் கொண்டுவந்தன. ஃபோர்ஸா இத்தாலியா கூட்டணியோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது. அக்டோபரில் சொந்த மசோதாவை எழுதி முன்வைத்தது. பிறந்ததிலிருந்தோ ஐந்து வயதுக்கு முன்பிருந்தோ இத்தாலியில் வாழ்ந்து, பத்து ஆண்டுக் கட்டாயக் கல்வியை வெற்றியோடு முடித்தால் பதினாறு வயதில் குடியுரிமை என்கிறது அந்த மசோதா.